இடது ஓரம் அசையாத வாய்

“அதையெல்லாம் இப்ப மாத்த முடியாது ஆன்ட்டி. வாய் பழகிப் போச்சு.”

“எதையும் மாத்த வேணாம்மா. நிக்கறது, திரும்பறது எல்லாம் அதே மாதிரி செய். அந்த இடத்துல மட்டும் வேற எதையாவது சொல்லு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு. குரலே இல்லாத இடம்தானே, யாருக்குத் தெரியப் போகுது?”

“யாருக்கும் தெரியாதுன்னா எதுக்கு மாத்தணும்?”

நடிகை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் கேட்டாள். கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகளின் சூட்டில் பவுடர் வாசனை அறை முழுவதும் நிறைந்திருந்தது. அவள் போட்டிருந்தது தறித் தொழிலாளியின் உடுப்பு. அதில் இருந்த கிழிசலைக்கூட யாரோ அளவெடுத்துக் கிழித்து, ஓரம் பிரியாமல் தைத்து வைத்திருந்தார்கள். அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் பூங்கொத்து உட்கார்ந்திருந்தது. நாடகத்தை எழுதியவள் நின்றுகொண்டிருந்தாள்.

மில்லில் அவளுக்கு நாடகக்காரி என்று பேர். பாதி பெருமை, பாதி கிண்டல். இந்த அரங்கத்தில் அவளுக்குப் பேரே இல்லை. வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் இயக்குநரின் பெயர் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன் காலடியில், ‘ஒரு தறித் தொழிலாளி எழுதியது’ என்று ஒரு வரி. “பேர் போடலையே சார்” என்று அவள் முன்பு கேட்டபோது, “பேர் போட்டா நீங்க ஒருத்தர்தான். போடலைன்னா எல்லாத் தொழிலாளியும் நீங்கதான். அதுல ஒரு அழகு இருக்கும்மா” என்றார் அவர். அந்த அழகு அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

இப்போது அவரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்ன பஞ்சாயத்து?”

“ஆன்ட்டி அந்த மௌனத்தை மாத்தச் சொல்றாங்க சார்.”

“மௌனத்தையா?” அவர் சிரித்தார். “பேப்பர்ல என்ன எழுதியிருந்தான், படிச்சீங்கள்ல? இந்த ஊர் மேடையில இது வரைக்கும் கேக்காத மௌனம்னு எழுதியிருக்கான். அதுல போய்க் கை வைக்கச் சொல்றீங்களே அம்மா.”

“மௌனத்துல கை வைக்கலை சார். வார்த்தையிலதான்.”

“அங்க வார்த்தையே இல்லையே.”

“இருக்கு சார்.”

“இருக்கட்டும். யாருக்கும் கேக்காத வார்த்தை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நல்லா ஓடுற வண்டி. சக்கரத்தைக் கழட்டாதீங்க.” அவள் தோளில் மெல்லத் தட்டினார். “இன்னிக்கு மேல் மாடத்துல உங்க ஆளுங்கதானாமே? சந்தோஷமா இருங்க.”

அவர் போய்விட்டார். உங்க ஆளுங்க. அதுதான் சார் விஷயமே என்று கத்தியிருக்கலாம். கத்தினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், எதை மறைக்க வந்தாளோ அதை அவளே அவிழ்த்துப் போட்டது மாதிரி ஆகிவிடும்.

அவள் வேலை செய்யும் தறிக்கூடத்தில் காது எதற்கும் உதவாது. வரிசை வரிசையாக நிற்கும் தறிகள் ஒன்றாக அடிக்கத் தொடங்கினால், பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கொட்டாவி விடுகிற மாதிரிதான் தெரியும். அதனால் அங்கே பெண்கள் வாயைப் பார்த்துப் பேசுவார்கள். குரல் கிடையாது. உதட்டை நன்றாகத் திறந்து மூடி, புருவத்தையும் தாடையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பேசும் அந்தப் பேச்சுக்குத் தறிப்பேச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடத்தின் இந்தக் கோடியில் ஒருத்தி மாமியாரைத் திட்டினால் அந்தக் கோடியில் இருப்பவள் சிரிப்பாள். புதிதாக வரும் மேஸ்திரி, ஆஹா எவ்வளவு அடக்கமான பெண்கள் என்று நினைத்துக்கொண்டு நடப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் அவனுடைய வழுக்கை கூடம் முழுக்க ஒரு சுற்றுப் போய்த் திரும்பியிருக்கும்.

அந்தப் பேச்சுக்கு ஒரே ஒரு சட்டம். ஒருத்தி கன்னத்தருகே கையை மறைப்பாக வைத்துக்கொண்டு பேசினால், அது எதிரில் நிற்பவளுக்கு மட்டும். மற்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகள் எல்லாவற்றையும் ஆளாளுக்கு மீறிக்கொண்டிருந்த அந்த மில்லில், யாரும் மீறாதது அது ஒன்றுதான்.

குரலைப் போலவே வாய்க்கும் ஆள் அடையாளம் உண்டு. ஒருத்தி பல்லைக் காட்டாமல் பேசுவாள், ஒருத்தி ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டைக் குவிப்பாள். நாடகக்காரியின் அக்காவுக்கு இருந்த அடையாளம் யாருக்கும் இல்லாதது. கல்யாணமான புதிதில், நூலைச் சுமந்துகொண்டு தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாக்கட்டை ஒரு நாள் தெறித்து அவள் முகத்தில் அடித்தது. அன்றோடு வாயின் இடது ஓரம் அசைவதை நிறுத்திக்கொண்டது. அவளுடைய சொற்கள் எல்லாம் வலது பக்கமாக நசுங்கி வெளியே வரும். வாக்கியம் முடியும்போது முகவாய் சற்று மேலே எழும்பும். பஞ்சுத் தூசி புகை மாதிரி மூடிக் கிடக்கும் நாளில்கூட, அக்கா பேசுவதைக் கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவள் அக்காதான். மில்லில் சேர்த்துவிட்டதும் அவள்தான். தங்கை நாடகம் எழுத ஆரம்பித்தபோது, “கிறுக்கச்சி, எழுதிட்டுப் போறா. குடிச்சிட்டா வர்றா?” என்று மாமாவின் வாயை அடைத்ததும் அவள்தான். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு வரி வந்துவிட்டால் தங்கை நெளிவாள். அக்காவுக்குப் புரிந்துவிடும். வலது பக்கத்து வாய் திறக்கும்: போய் எழுதிட்டு வா, நான் பாத்துக்கறேன். தங்கை கழிப்பறையில் உட்கார்ந்து நூல் சுற்றி வந்த அட்டைக் குழாயைப் பிரித்து எழுதுவாள். அந்த நேரமெல்லாம் அக்கா தன் தறிகளுக்கும் தங்கையின் தறிகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பாள். அறுந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பக்கம் இன்னொன்று அறுந்திருக்கும். “உன் நாடகத்துல என் முட்டிதான்டி தேயுது” என்று வீட்டில் காலை நீட்டிக்கொண்டு சொல்வாள். புகார் மாதிரிதான் தொடங்குவாள். முடிக்கும்போது முகம் மலர்ந்திருக்கும்.

முதல் நாடகத்தை மில் கேன்டீனில் போட்டார்கள். மேஜைகளைச் சேர்த்துப் போட்டு மேடை. நடித்தவர்கள் எல்லாரும் தறிக்கூடத்துப் பெண்கள். சண்டைக் காட்சியில் கோபம் ஏற ஏற அவர்களுக்குக் குரல் மறந்து போனது. பழக்கம். வருஷக்கணக்காகக் குரல் இல்லாமலேயே கோபப்பட்டவர்கள். மேடையில் ஒருத்தியை ஒருத்தி வாயாலேயே கிழித்தார்கள், சத்தமே இல்லை. கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாவற்றையும் வாயிலிருந்து படித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கை மட்டும் திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள். ‘குரல் போடுங்கடி, குரல் போடுங்கடி!’ அதையும் தறிப்பேச்சில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று யாருடனோ சும்மா வந்திருந்த இயக்குநருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அதனால்தான் அவர் கண் கலங்கினார். நாடகம் முடிந்ததும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மௌனம்! எப்படித் தோணுச்சு உங்களுக்கு?” தப்பு நடந்துவிட்டது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவர் பெரிய அரங்கத்தின் பெயரைச் சொன்னார். வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய அரங்கத்துக்காகத் திருத்தியபோது கூடத்துப் பெண்கள் போய் நடிகைகள் வந்தார்கள். சிரிப்பு வரும் இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அப்புறம் இயக்குநர் சொன்னார், “எல்லாம் இருக்கும்மா, நடுவுல ஒரு இதயம் இல்ல. ஒரு ரகசியம் வேணும். ஒருத்தி உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கற மாதிரி.”

அவளிடம் ஒன்று இருந்தது. அது அவளுடையதில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால் மில்லில் ஒரு வேலைநிறுத்தம் பேசப்பட்டு, தொடங்கும் முன்பே செத்துப் போனது. அதற்காகக் கூட்டம் போட்ட ஐந்து பெண்களையும் மறுநாளே வாசலில் நிறுத்திவிட்டார்கள். நான்கு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் நெட்டை. நல்ல உயரம், நல்ல குரல், கூடத்தின் கைதேர்ந்த தறிக்காரி. எங்கெங்கோ அலைந்துவிட்டு வேறு வழியில்லாமல் திரும்பி வந்தவளுக்கு, தறி கொடுக்காமல் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். தறிகளுக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசியைக் குனிந்து குனிந்து பெருக்கி, அவள் உயரமே குறைந்துவிட்டது. பேரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போன ஒரு குமாஸ்தாவின் தலையில் அந்தப் பழியைப் போட்டு வைத்திருந்தார்கள். செத்தவன் மறுத்துப் பேசப் போவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் பாத்திரத்தில் பாதியை நெட்டைக்குத் தள்ளுவாள். தினமும். “போதும், உனக்கு வெச்சுக்க” என்பாள் நெட்டை. “தின்னுடி, பேசாம” என்பாள் அக்கா. நல்ல மனசு என்று கூடமே சொல்லும்.

ஒரு மழை நாளில், தறிகள் அடித்துக்கொண்டிருக்கும்போது, அக்கா தங்கையைப் பார்த்துக் கன்னத்தருகே கையை வைத்தாள். வலது ஓரம் மட்டும் அசைந்தது. நாந்தான் சொன்னேன். அஞ்சு பேர் பேரையும் நாந்தான் சொன்னேன். புள்ளைக்குக் காய்ச்சல். மேனேஜர் சீட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்க. பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டான். சொல்லிட்டேன். முகவாய் மேலே எழும்பி நின்றது. அப்புறம் குனிந்து, அறுந்த நூல் ஒன்றைத் தேடி முடிந்தாள்.

தங்கை யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள். எழுதும்போது எல்லாவற்றையும் மாற்றினாள். நாடகத்துப் பெண் சின்ன வயசுக்காரி, கல்யாணம் ஆகாதவள். குழந்தைக்குப் பதிலாகத் தம்பி. மில்லுக்குப் பதிலாகத் தீப்பெட்டிக் கம்பெனி என்றுகூட எழுதிப் பார்த்தாள். இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை, தறி மேடையில் பார்க்க நன்றாக இருக்குமாம். கடைசியில் ஒரு நல்ல வழி கிடைத்தது. அந்த ஒப்புதலைக் குரல் இல்லாமல் வைத்தாள். தறிச் சத்தம் மேடையை மூழ்கடிக்கும், பிறகு சட்டென்று நிற்கும், அந்த அமைதியில் ஒரு பெண் வாயை மட்டும் அசைப்பாள். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. டிக்கெட் விலைக்கு மில் பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்று அவளுக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஒத்திகையில் நடிகை வாயை அசைத்தபோது அது மீன் வாய் திறக்கிற மாதிரி இருந்தது. உயிரே இல்லை. இயக்குநர் உச்சுக் கொட்டினார். நாடகக்காரி மேடை ஏறினாள். “இப்படி இல்லம்மா. இடது ஓரத்தைக் கட்டிப்போட்ட மாதிரி வெச்சுக்க. சொல்லெல்லாம் வலது பக்கமா வரணும். முடிக்கும்போது முகவாய் மேல போகணும், அழுகையை முழுங்குற மாதிரி.” நடிகை கெட்டிக்காரி. இரண்டு மூன்று முறையிலேயே பிடித்துக்கொண்டாள். அரங்கமே மூச்சை அடக்கியது. நாடகக்காரிக்கு மயிர்க் கூச்செறிந்தது. எல்லாவற்றையும் மாற்றிய அவள், வாயை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை. அதுவரை அவள் எழுதியதில் ஆக நல்ல இடம் அதுதான்.

இன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து கை கழுவும்போது அக்கா குண்டைப் போட்டாள்.

“சாயங்காலம் நாங்க எல்லாரும் வர்றோம்டி.”

“எங்க?”

“எங்கயா? உன் நாடகத்துக்குத்தான். கடைசி வாரம்னு மேல் மாடத்தை மில்லு ஆளுங்களுக்குக் கொறஞ்ச விலையில குடுக்கறானாம். நானே கூடம் பூரா சொல்லிப் பேர் சேத்தேன். ஒருத்தி பாக்கியில்ல. நெட்டை வரமாட்டேன்னா, துணி சரியில்லையாம். என்னோடதைக் குடுத்திருக்கேன்.”

“அக்கா, அது உங்களுக்கெல்லாம் பிடிக்காது. சும்மா இழுவையா இருக்கும். இன்னொரு நாள்…”

அக்கா குழாயை மூடினாள். “என்ன, பெரிய மனுஷி ஆயிட்டே. நாங்க வந்து நின்னா உனக்கு அசிங்கமா?”

தங்கை ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் அரங்கத்துக்கு ஓடி வந்தாள்.

இப்போது ஒப்பனை அறையில் நடிகை கண்ணாடியிலிருந்து திரும்பி முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லுங்க ஆன்ட்டி. அது யாரோ நிஜமாச் சொன்னதுதானே?”

நாடகக்காரி பூங்கொத்தைப் பார்த்தாள்.

“அவங்க இன்னிக்கு வர்றாங்களா?”

“உனக்குப் புண்ணியமாப் போகும்மா. எண்ணிடு.”

நடிகை கெட்ட பெண் இல்லை. கொஞ்ச நேரம் உதட்டுச் சாயத்தை மூடித் திறந்துகொண்டிருந்தாள். “சரி. எண்ணிடறேன். சார் கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

நாடகக்காரி படியேறி மேல் மாடத்தின் கடைசியில், கதவோரம் நின்றாள். கூடமே வந்திருந்தது. தலை வாரி, முகம் கழுவி, உள்ளவற்றில் நல்லதைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நடுவில் அக்கா. அவளுக்குப் பக்கத்தில், அக்காவின் உடுப்பில், கைகள் பாதி வெளியே தெரிய நெட்டை. திரை விலகியதும் மாடம் கப்சிப்பென்று ஆனது. கீழே நின்றிருந்த இயக்குநர் அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், “பாருங்க, என்ன ஒழுக்கமா பாக்கறாங்க” என்றார். மாடத்தில் அப்போது, மேடை வெளிச்சத்தில், தறிப்பேச்சு பொறி பறந்துகொண்டிருந்தது. அவன் மேஸ்திரியாம்டி, மூஞ்சியைப் பாரு, பால் மணம் மாறல. தறி எதுக்குடி இவ்வளவு பளபளன்னு இருக்கு, இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வர்றானா? அக்கா அடிக்கடி திரும்பி, கடைசியில் நிற்கும் தங்கையைத் தேடி, ஜோரா இருக்குடி என்று வாயசைத்தாள்.

தறிச் சத்தம் எழுந்தது. உயர்ந்தது. நின்றது.

நடிகை மேடையின் விளிம்புக்கு வந்தாள். ஒற்றை விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. இடது ஓரத்தை இறுக்கிக்கொண்டு, கண் நிறையத் துக்கத்தோடு, வாயைத் திறந்தாள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

மாடம் ஒரு கணம் திகைத்தது. நாலு. அஞ்சு. பிறகு குபீரென்று வெடித்தது. வாயைப் படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். இவர்களுக்கு, ஒரு பெண் உருகி உருகி எண்ணிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். “சம்பளம் எண்ணுறாடி!” என்று ஒருத்தி குரல் போட்டே சொல்லிவிட்டாள். மாடம் முழுக்கச் சிரிப்பு உருண்டது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அக்காதான். நெட்டையின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

கதவோரம் நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வரியைப் படித்துவிடுவார்களே என்றுதான் எண்ணச் சொன்னாள். எண்ணுவதையும் படிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வார்த்தையே கிடையாது என்று நம்பிய இயக்குநரைப் போலவே அவளும் நினைத்துவிட்டிருந்தாள்.

கீழே தலைகள் திரும்பி அண்ணாந்து பார்த்தன. யாரோ உஸ்ஸென்றார்கள். நடிகையின் முகம் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்தது. தினமும் அழுகையும் விம்மலும் எழும் இடம் அது. அங்கே வாழ்க்கையில் முதல் முறையாக அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எண்ணு, நிறுத்தாதே என்று நாடகக்காரி இரண்டு கைகளையும் ஆட்டினாள். முகத்தில் விளக்கு அடிக்க நிற்பவளுக்கு அது எங்கே தெரியும்? நடிகை ஒரு மூச்சு இழுத்தாள். நிமிர்ந்து நேராக மாடத்தைப் பார்த்தாள். வாய்க்குப் பழகிப்போனதை எடுத்தாள்.

நாந்தான் சொன்னேன். அஞ்சு பேர் பேரையும் நாந்தான் சொன்னேன்.

இதுவரை அவள் அதை அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. இடது ஓரம் கல்லாகக் கிடந்தது. சொற்கள் வலது பக்கமாக நசுங்கி வெளியே வந்தன. காய்ச்சல், சீட்டு, திறந்த பேனா. கடைசியில் முகவாய் மேலே எழும்பி நின்றது.

குழந்தையா தம்பியா என்று யாரும் பார்க்கவில்லை. மாடத்துச் சிரிப்பு வாய்களிலேயே நின்றுவிட்டது. முதலில் ஒரு தலை திரும்பியது. அப்புறம் இன்னொன்று. வரிசை வரிசையாக முகங்கள் மேடையை விட்டு முன்வரிசை நடுவுக்குத் திரும்பின. அக்காவின் கை இன்னும் நெட்டையின் தொடை மேல் இருந்தது. நெட்டை அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போல, அக்காவின் மடியிலேயே வைத்தாள்.

கீழே கைத்தட்டல் எழுந்தது. ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நாடகம் முடிந்ததும் இயக்குநர் படியேறி வந்து நாடகக்காரியை இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார். “இதோ, அந்தத் தொழிலாளி!” விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மாடத்தில் ஒரு பெண்கூடக் கைத்தட்டவில்லை. எல்லாரும் கன்னத்தருகே கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளை நோக்கித் திரும்பியிருந்தார்கள். ஒருத்தர் வாயும் தெரியவில்லை.

“அழுறாங்க பாருங்க” என்று அவள் காதில் சொன்னார் இயக்குநர். “முகத்தை மூடிக்கிட்டு அழுறாங்க.”

வீட்டில் அக்கா மாமாவுக்குச் சோறு போட்டாள். தங்கைக்கும் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, முதுகைக் காட்டியபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அந்தப் பொண்ணுக்கு என் வாயை எடுத்துக் குடுத்துட்டியேடி.”

“அக்கா, நான் எண்ணச் சொல்லித்தான்…”

“விளக்கை அணை.”

காலையில் தறிகள் வழக்கம்போல அடித்தன. கூடத்தில் யாரும் அக்காவைப் பார்த்து வாய் திறக்கவில்லை. அவள் பக்கம் முகம் வைத்திருந்தவர்கள்கூட, தறியில் ஏதோ பழுது பார்ப்பவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். யாரும் திட்டவில்லை, முறைக்கவில்லை. அந்த இரைச்சலில் ஒருத்தியை ஊமையாக்க அது போதும். தங்கையை மட்டும் பார்த்தார்கள். உனக்குத் தெரியும் என்கிற மாதிரி.

திடீரென்று மின்சாரம் போனது. தறிகள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு நின்றன. காதில் ரீங்காரம் அடங்கியபோது, துடைப்பம் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. நெட்டை பெருக்கிக்கொண்டே நாடகக்காரியின் தறி வரைக்கும் வந்தாள். நிமிர்ந்தாள். பழைய உயரம் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“நாடகக்காரி.” அவள் குரல் போட்டுப் பேசினாள். கூடம் முழுக்கக் கேட்டது. “நேத்து அந்தப் பொண்ணு சொன்னது நீயா யோசிச்சு எழுதுனதா, இல்ல, யாராவது உங்கிட்டச் சொன்னதா?”

நாடகக்காரி அறுந்த நூல் ஒன்றை விரலில் சுற்றினாள்.

“இவகிட்ட நான் கேக்க மாட்டேன். இத்தனை வருஷம் இவ சோத்தைத் தின்னிருக்கேன், கேக்க வாய் வரல. நீ சொல்லு. நீ எது சொன்னாலும் நம்பறேன். நீ எழுதுறதெல்லாம் உண்மைன்னு நான்தானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். கூடமே காத்திருந்தது. நெட்டையின் தோளுக்குப் பின்னால், நின்றுபோன தறியைப் பிடித்தபடி அக்கா நின்றாள். எந்தச் சத்தமும் இல்லாத அந்த இடத்தில், பேசினால் பேச்சு கேட்கும் அந்த நேரத்தில், அவள் கை மெல்ல எழுந்து கன்னத்தருகே போனது. சுற்றி நின்றவர்கள், பழக்கத்தால், பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

வலது ஓரம் அசைந்தது. நீ எழுதினப்பல்லாம் உன் தறியையும் சேத்து நான்தானே ஓட்டினேன். உன் கற்பனைன்னு சொல்லிடுடி. இந்த ஒரு தடவை, பொய்னு சொல்லிடு.

முகவாய் மேலே எழும்பி, அப்படியே நின்றது.